சத்தமிடும் பழைய கார், குறைந்துகொண்டே போகும் ஆயில்: இன்ஜினைப் பிரிக்கும் முன் அளக்க வேண்டியவை எவை?

பெங்களூரு: பெங்களூருவில் மல்லேஸ்வரத்தை ஒட்டியுள்ள ஸ்ரீராம்புரம், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்றாகும். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்பகுதிக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆயினும் பண்டிகைக்குச் சொந்த ஊர் செல்வதற்கும், வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரையே நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். சுவர்கள் நெருங்கிய தெருவில் அத்தகைய கார் ஒன்று அதிகாலையில் கிளம்பும்போது, அதன் இன்ஜினில் எழும் 'டக் டக்' ஒலி இருபுறமும் மோதித் திரும்பித் தெளிவாகவே கேட்கிறது. அதனுடன் ஆயிலும் குறையத் தொடங்கினால், பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "இன்ஜின் கட்ட வேண்டும்."

இந்தத் தீர்ப்பு சில வேளைகளில் சரியானது. ஆனால் எதையும் அளக்காமல், காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்த புகையையும் மட்டும் வைத்து அது வழங்கப்படும்போது, சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குக் காரின் சந்தை விலைக்கு நிகரான தொகையைச் செலவிட நேரிடுகிறது. இதற்கு நேர்மாறான தவறும் நடப்பதுண்டு. "பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டு, நெடுஞ்சாலையின் நடுவே இன்ஜின் இறுகி நின்றுபோகும் நிலைக்கு ஆளாவோரும் உண்டு.

பெங்களூரு வாசிகளுக்கு இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிமுறை நாடு முழுவதற்கும் 2017ஆம் ஆண்டுதான் விரிவுபடுத்தப்பட்டது என்றாலும், பெங்களூரு, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 2010 ஏப்ரல் 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் தொகுதிக் கார்கள் 2025 ஏப்ரல் முதல் 15 வயதைக் கடந்துவருகின்றன. தனியார் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 15 வயதான பெட்ரோல் கார்களை வயதின் பேரிலேயே விலக்கும் தடை கர்நாடகத்தில் இல்லை. எனவே காரை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்ற முடிவு இங்கு இன்ஜினின் உண்மையான நிலையைப் பொறுத்தே அமைகிறது.

ஒரே நோயா, இரண்டு நோய்களா?

இன்ஜின் சத்தமும் ஆயில் குறைவும் சேர்ந்து வரும்போது இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை என்று கருதுவது இயல்பு. பல கார்களில் அவை தொடர்பற்றவை. வால்வு இடைவெளி தளர்ந்ததால் சத்தம் வரலாம். வால்வு கவரின் கேஸ்கெட் வழியாக ஆயில் வெளியே கசியலாம். இரண்டுமே சிறு வேலைகள்தாம். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு ஒரு பெரிய நோய் போலத் தோன்றிவிடுகிறது.

இரண்டும் ஒன்றையொன்று தூண்டும் சூழலும் உண்டு. அதுவே அபாயமானது. ஆயில் மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால், வளைவிலும் திடீர் பிரேக்கிலும் ஆயில் ஒருபுறமாக ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சுகிறது. அழுத்தம் ஒரு கணம் அறுந்துபோகிறது. கிராங்க் தண்டுக்கும் பேரிங்கிற்கும் இடையே இருக்க வேண்டிய மெல்லிய ஆயில் படலம் மறைந்து, உலோகமும் உலோகமும் உரசுகின்றன. இவ்வாறு தேய்ந்த பேரிங் பிறகு எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே சத்தம் கேட்டதும் முதலில் செய்ய வேண்டியது, காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, டிப்ஸ்டிக் எனப்படும் அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பதுதான்.

டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் பலர். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தையே காட்டுகிறது. அழுத்தம் ஏறக்குறைய அரை பார் அளவுக்கும் கீழே இறங்கிய பிறகுதான் அது எரியும். ஓடும் காரில் அந்த விளக்கு எரிந்தால், அடுத்த பெட்ரோல் நிலையம் வரை போய்விடலாம் என்று எண்ணுவது இன்ஜினையே பணயம் வைப்பதற்குச் சமம். பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே அணைக்க வேண்டும்.

எங்கிருந்து வரும் சத்தம்?

இன்ஜின் சத்தத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எந்த வேகத்தில் துடிக்கிறது, எப்போது மறைகிறது என்பவையே கூடுதலாகச் செய்தி சொல்கின்றன.

வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வது. அதனால் இன்ஜினின் மேற்பகுதியில், தையல் இயந்திரம் ஓடுவது போல் லேசாகவும் சீராகவும் கேட்கும் ஒலி பெரும்பாலும் டேப்பட் சத்தமாகவே இருக்கும். மாருதி 800 போன்ற கார்களில் வால்வு இடைவெளியைத் திருகு மூலம் சரிசெய்ய முடியும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளைக் கொண்டு, கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்கு வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சத்தம் அடியோடு நிற்கும் வரை இடைவெளியை இறுக்குவது தவறு. இறுக்கமான வால்வு முழுமையாக மூடாமல், எரியும் வாயுவில் கருகிப்போகும். சிறிதளவு டேப்பட் ஒலி கேட்கும் இன்ஜின், சத்தமே இல்லாமல் இறுக்கப்பட்ட இன்ஜினைவிட நலமானது.

டேப்பட் ஒலி போலவே கேட்டு ஏமாற்றுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் கசிவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூர்மையாகத் தட்டும். உலோகம் சூடாகி விரிந்து இடைவெளி அடைபட்டதும் குறையும். காலையில் இருந்த சத்தம் மாலையில் பட்டறைக்குப் போனால் காணவில்லை என்ற புகாருக்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் பிஸ்டன், சிலிண்டர் சுவரில் மோதும் ஒலி. குளிர்ந்த பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே சற்றுக் கூடுதல் இடைவெளி இருப்பதால், டிசம்பர் மாதத்துப் பெங்களூரு விடியற்காலையில் இது நன்றாகக் கேட்கும். சில நிமிடங்களில் இன்ஜின் சூடேறியதும் அடங்கிவிடும். அவ்வாறு அடங்கிவிடுகிற, அளவில் மாறாத சத்தத்தோடு பல ஆண்டுகள் ஓடிய கார்கள் உண்டு. இதற்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

அடிப்பகுதியிலிருந்து வரும் கனமான 'டொக் டொக்' ஒலி வேறு வகை. சூடேறச் சூடேற இது கூடும். ஏனெனில் சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த பேரிங்கில் படலம் இன்னும் மெலிகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினுக்குச் சுமை தரும்போது அழுத்தமாகக் கேட்கும். கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங் தேய்ந்ததற்கான அறிகுறி இது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரின் எரிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் மெலிகிறதோ, பழுது அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வகைக் கார்களில் பிளக் வயரைக் கழற்றி இதைச் செய்தார்கள். பிளக்கின் மேலேயே காயில் பொருத்தப்பட்ட கார்களில் அவ்வாறு கழற்றினால் மின்னணுப் பாகங்கள் கெடும். அவற்றில் ஸ்கேனர் கருவி வழியாக இன்ஜெக்டரை நிறுத்துவதே முறை.

இந்த வகைச் சத்தம் என்ற ஐயம் எழுந்தால் காரை ஓட்டிச் சென்று காட்டக் கூடாது. இழுத்துச் செல்வதற்கு ஆகும் செலவு, கிராங்க் தண்டைக் காப்பாற்றுவதற்காகச் செலுத்தும் சிறு விலை.

கார் கிளம்பும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் மட்டும் சங்கிலி உலுக்கியது போன்ற ஒலி வந்தால், டைமிங் செயினையும் அதன் டென்ஷனரையும் பார்க்க வேண்டும். டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் மட்டம் குறைந்தாலோ, ஆயில் பில்ட்டர் தரமற்றதாக இருந்து இரவில் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிட்டாலோ, காலையில் அது இறுகுவதற்கு நேரம் பிடிக்கும். மாருதி 800, முதல் தலைமுறை சான்ட்ரோ ஆகியவற்றில் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் உள்ளது. பெல்ட் பெரும்பாலும் எச்சரிக்கை ஒலி எழுப்பாமலே அறுந்துபோகும் என்பதால், அதைச் சத்தத்தை வைத்து அல்லாமல் கிலோமீட்டரையும் ஆண்டையும் வைத்தே மாற்ற வேண்டும்.

இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தங்களும் இன்ஜின் கணக்கில் எழுதப்படுகின்றன. ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு, ஏசி கம்ப்ரஸர் ஆகியவற்றின் பேரிங்குகள் தேய்ந்தால் எழும் கரகரப்பு, பானெட்டின் கீழ் எங்கிருந்து வருகிறது என்று எளிதில் பிரித்தறிய முடியாது. வெளிப்புற டிரைவ் பெல்ட்டைக் கழற்றி, குளிர்ந்த இன்ஜினை அரை நிமிடத்துக்கு மேற்படாமல் ஓடவிட்டால் விடை கிடைத்துவிடும். சத்தம் மறைந்தால் குற்றவாளி இன்ஜின் அல்ல. இந்த அரை நிமிடச் சோதனை செய்யப்படாமல் பிரிக்கப்பட்ட இன்ஜின்கள் எத்தனையோ.

ஆயில் குறைவுக்குக் கணக்கு

"ஆயில் குடிக்கிறது" என்பது நோயின் பெயரன்று, ஒரு புகார் மட்டுமே. எவ்வளவு குடிக்கிறது என்பதற்கு எண் வேண்டும். சமதரையில் நிறுத்தி, மேல் குறி வரை ஆயிலை நிரப்பி, ஓடோமீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1,000 கிலோமீட்டர் ஓடிய பின், அதே இடத்தில், அதே முறையில் நிறுத்தி, மீண்டும் மேல் குறியைத் தொட எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அளவுக் குவளையால் அளந்து ஊற்ற வேண்டும். இடையில் 250 கிலோமீட்டருக்கு ஒருமுறை குச்சியைப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

அந்த எண்ணை எதனுடன் ஒப்பிடுவது? ஃபோக்ஸ்வேகன் போன்ற நிறுவனங்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் எனக் கூறுகின்றன. அமெரிக்காவில் டொயோட்டாவின் 2.4 லிட்டர் இன்ஜின் பற்றிய புகார்களின்போது, 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்தால் மட்டுமே பழுது என்று அந்நிறுவனம் வரையறுத்தது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது இதன் பொருள்.

'இயல்பு' என்ற இந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. சிறிய கார்களின் இன்ஜின் கொள்ளும் மொத்த ஆயிலே ஏறக்குறைய 3 லிட்டர்தான். 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி குறையும் காரை, எந்தக் கையேட்டின்படியும் பழுது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று நம்பி, இடையில் குச்சியை எடுத்தே பார்க்காதவரின் கார், அடுத்த சர்வீஸ் தேதி வரும் முன்பே வறண்டுவிடும். பெரும்பாலான கார்களில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையிலான அளவு ஒரு லிட்டரை ஒட்டியே இருக்கிறது. இந்த வேகத்தில் 3,300 கிலோமீட்டரிலேயே கீழ் குறி வந்துவிடும். பழைய கார்களில் பல இன்ஜின்கள் இறந்தது ஆயிலைக் குடித்ததால் அன்று, குடித்ததை யாரும் கவனிக்காததால்.

பெங்களூருவின் போக்குவரத்து நெரிசல் இந்தக் கணக்கை மேலும் குழப்புகிறது. ஓகலிபுரம் சந்திப்பிலோ மல்லேஸ்வரம் சாலைகளிலோ நின்றுகொண்டே ஓடும் இன்ஜினின் நேரத்தை ஓடோமீட்டர் எண்ணுவதில்லை. குறைவாக ஓடும் நகரக் காருக்கு ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டரைவிட மாதக் கணக்கில் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

குறைந்த ஆயில் எங்கே போயிற்று?

ஆயில் வெளியேற வழிகள் இரண்டே: வெளியே கசிய வேண்டும், அல்லது உள்ளே எரிய வேண்டும். கசிவைக் கண்டறிய, இரவு நிறுத்தும் இடத்தில் பழைய அட்டை ஒன்றை விரித்துவைத்தால் போதும். ஆனால் ஓடும்போது மட்டும் கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்து புகைந்துபோகும் ஆயில் அட்டையில் படாது. கருகிய வாடை வரும் காரை, இன்ஜினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, ஒரு நாள் ஓட்டிய பின் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

எரியும் ஆயில் நீலம் கலந்த புகையாக வெளிவரும். அது எந்தத் தருணத்தில் வருகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. இரவு முழுவதும் நின்ற கார் காலையில் கிளம்பியதும் ஒருமுறை நீலப் புகையைக் கக்கிவிட்டுத் தெளிந்தால், வால்வு சீல் தளர்ந்து, இரவில் சொட்டுச் சொட்டாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரி நோக்கி இறங்கும் சரிவிலோ ஏற்காடு மலைப்பாதையிலோ ஆக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் மீண்டும் மிதிக்கும்போது பின்னால் வருபவரை மறைக்கும் அளவுக்குப் புகை வந்தாலும் அதே சந்தேகம்தான். ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடம் மிகுந்து, வால்வு தண்டின் ஓரமாக ஆயிலை உறிஞ்சுகிறது. மாறாக, மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் தொடர்ந்து புகைந்தால் ரிங்குகள் மீது ஐயம் கொள்ளலாம். வெள்ளை நீராவி கூலண்ட் தொடர்பானது. கருப்புப் புகை பெட்ரோல் கூடுதலாக எரிவதன் விளைவு. இவை இரண்டுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை.

வால்வு சீல் என்பது விரல் நுனியளவு ரப்பர். பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே அதை மாற்றிவிடலாம். ரிங் மாற்றுவதற்கோ பிஸ்டனையே வெளியே எடுக்க வேண்டும். இந்த இரண்டு செலவுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நினைத்தால், புகையின் நேரத்தைக் குறித்துவைப்பது எவ்வளவு பயனுள்ளது என்பது விளங்கும்.

இவை இரண்டுக்கும் முன்பே பார்க்க வேண்டிய மலிவான பாகம் ஒன்று உண்டு. பிசிவி வால்வு என்று அழைக்கப்படும் அது, இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளிழுப்புக் குழாய்க்கு அனுப்புகிறது. கசடு படிந்து அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல நிலையில் உள்ள சீல்கள் வழியாகவும் ஆயில் பிதுங்கும். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவி நேராக எரிப்பறைக்குள் இழுக்கப்படும். பழைய காரில் இதை ஒருமுறையேனும் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

கம்ப்ரஷன் சோதனையும் கடல் மட்டமும்

ரிங், வால்வு ஆகியவற்றின் நிலையை இன்ஜினைப் பிரிக்காமல் அறிய உதவுவது கம்ப்ரஷன் சோதனை. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் மின்பொறியையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். இதில் ஏதேனும் ஒன்று தவறினாலும் எண் பொய் சொல்லும். குறிப்பாக, பேட்டரி தளர்ந்திருந்தால் கடைசியாகச் சோதிக்கப்படும் சிலிண்டர் காரணமின்றிக் குறை காட்டும்.

இவ்விடத்தில் பெங்களூருவுக்கென்று ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கையேடுகளில் உள்ள எண்கள் பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டிய நிலைமைக்கானவை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் உள்ளிழுப்பதே அடர்த்தி குறைந்த காற்று என்பதால், சென்னையில் 180 பி.எஸ்.ஐ. காட்டும் அதே இன்ஜின் இங்கு 160-க்குச் சற்று மேலேதான் காட்டும். இதை அறியாமல் கையேட்டின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டால், நல்ல இன்ஜினும் தேய்ந்ததாகத் தோன்றும். ஊட்டியில் வைத்துப் பார்த்தால் இன்னும் மோசமாகத் தோன்றும்.

ஆகவே ஒரு சிலிண்டருக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். உயரம் எல்லாச் சிலிண்டர்களையும் ஒரே மாதிரி பாதிக்கும். மூன்று சிலிண்டர்கள் 160 காட்ட, ஒன்று மட்டும் 115 காட்டினால் அதற்கு உயரம் காரணமாகாது. சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 14 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும் என்று சுசுகி உள்ளிட்ட நிறுவனங்களின் பழுதுநீக்கும் கையேடுகள் கூறுகின்றன.

குறை காட்டும் சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மீண்டும் சோதிப்பது அடுத்த படி. ஆயில் ரிங்கின் ஓரத்தை அடைத்துக்கொள்வதால் எண் நன்றாக ஏறினால், தேய்ந்தது ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ காரணம்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை முன்னர்க் குறிப்பிட்ட டொயோட்டா நிகழ்வு காட்டுகிறது. 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி உள்ளிட்ட கார்களில் இருந்த அந்த இன்ஜின்கள் பல, ஓட்டத்தில் குறையேதும் இல்லாமலே ஆயிலை மட்டும் செலவழித்தன. பிஸ்டனில் மேலே உள்ள இரண்டு ரிங்குகள் வாயுவை அடைக்கின்றன. மூன்றாவதாக உள்ள ஆயில் ரிங், சுவரில் படியும் ஆயிலை வழித்து, சிறு துளைகள் வழியாகக் கீழே அனுப்புகிறது. அந்த ரிங் கரியால் இறுகினால், மேலே உள்ள ரிங்குகள் நன்றாக இருக்கும் வரை கம்ப்ரஷன் எண்ணில் குறை தெரியாது. ஆனால் ஆயில் எரியும். அந்நிறுவனத்தின் சேவை மையங்கள் ஆயிலை நிரப்பி, 1,200 மைல் ஓட்டிவரச் செய்து, மீண்டும் அளந்த பிறகே பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றின. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்றுகூட இறுதியில் நம்பியது அளவுக் குச்சியையும் ஓடோமீட்டரையும்தான். எனவே "கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆயில் எரிய வாய்ப்பில்லை" என்ற பட்டறைப் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கெட்டி ஆயில் என்னும் மறைப்பு

சத்தத்துக்கும் ஆயில் குறைவுக்கும் சேர்த்துப் பரவலாகச் சொல்லப்படும் கைவைத்தியம், கெட்டியான ஆயிலை ஊற்றுவது. கையேடே அனுமதிக்கும் கிரேடுகளுக்குள், தேய்ந்த இன்ஜினுக்குச் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆயில் செலவு ஓரளவு குறையவும் கூடும். அந்த வரம்பைத் தாண்டினால், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் மேற்பகுதிக்கு ஏறவே தாமதமாகி, தேய்மானம் அதிகம் நிகழும் அந்த முதல் நொடிகள் நீள்கின்றன. பேரிங் தட்டலைக் கெட்டி ஆயில் சில நாள்களுக்கு அமுக்கிவைக்கும். பழைய கார் வாங்குபவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. விற்பனைக்கு வரும் கார் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்து, ஆயில் அப்போதுதான் மாற்றப்பட்டதாகத் தெரிந்தால், முழுவதும் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், அரை மணி நேரம் ஓட்டிய பின் ஒருமுறையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆயில் எரிவது உரிமையாளரின் பணப்பையோடு நிற்பதில்லை. ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படும் பாஸ்பரஸ், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார்களுக்கு மாசுச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கையும் தாண்டக் கூடாது. முந்தைய பாரத் ஸ்டேஜ் 3 கார்களுக்கு இவை 0.5 சதவீதமும் 750 பங்கும் ஆகும். ஒரே அளவு ஆயில் எரிக்கும் இரண்டு கார்களில் 2009ஆம் ஆண்டின் கார் தேறிவிட, 2011ஆம் ஆண்டின் கார் தோற்பது இதனால்தான். கன்வெர்ட்டரை மட்டும் மாற்றிச் சான்று பெறுபவர், ஆயில் எரிவதைச் சரிசெய்யாவிட்டால் சில ஆண்டுகளில் அதே செலவை மீண்டும் சந்திப்பார்.

பிரிப்பது என்று முடிவானால்

அளந்த எண்கள் அனைத்தும் ஒரே திசையைக் காட்டினால் இன்ஜினைப் பிரிப்பதில் தயக்கம் தேவையில்லை. ஆயில் அழுத்தத்தைக் கேஜ் பொருத்திப் பார்த்தபோது சூடான நிலையில் கையேட்டு அளவுக்குக் கீழே இருக்கிறது, அடியிலிருந்து தட்டல் கேட்கிறது, வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னுகிறது என்றால், காத்திருப்பதே கூடுதல் செலவு. மாறாக, 1,000 கிலோமீட்டருக்கு 300, 400 மில்லி குறைந்தும் சத்தமும் புகையும் இல்லாத காரில், ஒவ்வொரு வாரமும் குச்சியைப் பார்த்து ஊற்றி ஓட்டுவதே சிக்கனமான வழி. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் காருக்கு இந்தக் கணக்கில் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டரை லிட்டருக்கும் குறைவான ஆயில்.

பிரித்த பிறகும் அளவை விட்டுவிடக் கூடாது. சிலிண்டரின் உட்புறத்தை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளிலும் அளந்தால்தான் அது உருளையாக இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்பது தெரியும். நீள்வட்டமாகிவிட்ட சுவரில் புதிய ரிங் போட்டாலும் ஓரத்தில் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய புகை திரும்பிவிடும். அத்தகைய சிலிண்டரை லேத்தில் குடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவதுதான் தீர்வு. தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் குடைய வேண்டியதே இல்லை, ஹோனிங் செய்து ரிங் மாற்றினால் போதும். இந்த இரண்டில் எது தேவை என்பதை லேத் பட்டறை எடுக்கும் அந்த ஆறு அளவுகளே தீர்மானிக்கின்றன. வேலைக்கு ஒப்புதல் தரும் முன் அவற்றைச் சிலிண்டர் வாரியாகத் தாளில் எழுதித் தருமாறும், கழற்றிய பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றைப் பில்லோடு சேர்த்துத் திருப்பித் தருமாறும் உரிமையாளர் கேட்கலாம். நல்ல பட்டறைகள் கேட்கும் முன்பே அவற்றைப் பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுகின்றன.